கோல் போட்டவரும் கொடுத்தவரும்

கோயிலைத் தேடிப் போன இடத்தில் சினிமாக் கொட்டகை இருந்தால் யாத்திரிகனுடைய மனம் எப்படி இருக்கும்? கனடா தேசத்து மாண்ட்ரீல் நகரில், ஸேண்ட் காதரின் வீதியும் அட்வாட்டர் வீதியும் சந்திக்கும் மூலையில், ஒரு மாசி மாதத்து மாலையில் நமக்கு அந்த அனுபவம் கிட்டிற்று. அங்கேதான் 1924-ஆம் வருஷம் முதல் 1996 வரையில் 'போரம்' என்ற உலகப் பிரசித்தி பெற்ற ஹாக்கி அரங்கம் இருந்தது. கட்டிடம் இன்றும் அதே மூலையில் நிற்கிறது. ஆனால் உள்ளே சினிமாப் படம் ஓடுகிறது, கடைகள் இருக்கின்றன. பனிக்கட்டித் தளத்தைக் காணோம்.

"வருத்தப்படாதீர்கள், ஐயா! ஸ்வாமி இடம் மாறிவிட்டார், அவ்வளவுதான். நாளை இரவு புதுக் கோயிலுக்கு அழைத்துப் போகிறேன்" என்றார் நம்மை அழைத்து வந்த பெரியவர்.

இந்தப் பெரியவர் பிரெஞ்சு வம்சத்துக் கனேடியர், எண்பதைத் தாண்டியவர், பள்ளி உபாத்தியாயராயிருந்து ஓய்வு பெற்றவர். நண்பர் ஒருவர் கொடுத்த அறிமுகக் கடிதத்தோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டியபோது, வெளியே குளிர் பூஜ்யத்துக்குப் பதினைந்து டிகிரி கீழே இருந்தது. நம்முடைய மூக்கு நம்மிடம் இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. நாம் மாமிசம் உண்பதில்லை என்று கேள்விப்பட்டு, அந்நாட்டு வழக்கமான பட்டாணி சூப்பைப் பன்றி மாமிசம் சேர்க்காமல் செய்து வைத்திருந்தார். அந்தச் சூப்பின் எதிரில்தான் நாம் சொல்லப் போகும் வாதம் ஆரம்பமாயிற்று. வாதத்தின் எதிர்க்கட்சிக்காரர் அவருடைய பேத்தி. கலாசாலையில் புள்ளி விவர சாஸ்திரம் படிக்கிறவள்.

வாதத்துக்குள் புகுமுன், ஆட்டத்தைப் பற்றி நேயர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். நம் தேசத்தில் ஹாக்கி என்றால் புல்தரையும் வெயிலுமே ஞாபகத்துக்கு வரும். கனடாவில் ஹாக்கி என்றால் பனிக்கட்டி. 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள பனித்தளத்தில், காலில் சறுக்குப் பாதரட்சை கட்டிக்கொண்டு, ரப்பர் வட்டு ஒன்றைக் கழியால் அடித்து ஆடுகிறார்கள். கூரையின் கீழ் ஒழுங்கான முறையில் இந்த ஆட்டம் முதன் முதலாக நடந்தது இதே மாண்ட்ரீல் நகரத்தில்தான். 1875-ஆம் வருஷம் மார்ச்சு 3-ஆம் தேதி.

ஒரு கோஷ்டியில் ஒரே சமயத்தில் தளத்தில் இருப்பவர் ஆறு பேர். கோல் காப்பவர் ஒருவர், பின்னணியில் இருவர், முன்னணியில் மூவர். இந்த முன்னணி மூவருக்கு 'வரிசை' என்று பெயர். நடுவில் ஒருவர், இடது விங் ஒருவர், வலது விங் ஒருவர். பனிக்கட்டியில் பாய்ந்து ஆடுவது மூச்சை வாங்கும் வேலையாதலால், முக்கால் நிமிஷத்துக்கு ஒரு முறை ஒரு வரிசை வெளியேற, மற்றொரு வரிசை உள்ளே குதிக்கும். ஆகவே ஒரு முன்னணி ஆட்டக்காரர் தம் ஆட்டத்தின் பெரும்பகுதியையும் அதே இரண்டு தோழர்களுடன்தான் ஆடுகிறார். கோல் போட்டவருக்கு ஒரு புள்ளி. அதற்கு முன் வட்டைக் கொடுத்துதவிய இரண்டு பேர் வரையில் 'உதவி' என்ற கணக்கில் ஆளுக்கு ஒரு புள்ளி. வருஷக் கடைசியில் யாருக்கு அதிகப் புள்ளியோ அவருக்கு ஆர்ட் ராஸ் கோப்பை என்ற பரிசு உண்டு.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. மூவர் சேர்ந்து செய்த காரியத்தில் எவர் பங்கு எவ்வளவு? நம் ஊர்க் கச்சேரிகளில் இந்தச் சிக்கல் உண்டு. கச்சேரி சோபித்தால் பாட்டு வித்துவானுக்குப் பெயர். பிடில்காரரும் மிருதங்கக்காரரும் தாங்கியிராவிட்டால் அந்தப் பல்லவி என்ன ஆகியிருக்கும் என்று யார் கேட்கிறார்கள்?

பெரியவருடைய வரவேற்பறைச் சுவரில் இரண்டே படங்கள் இருந்தன. ஒன்று தேவமாதா; மற்றொன்று மோரிஸ் ரிஷார். ஒன்பதாம் நம்பர் சட்டை அணிந்து, 'ராக்கெட்' என்ற செல்லப் பெயருடன், மாண்ட்ரீல் கனேடியன்ஸ் கோஷ்டிக்கு 1942 முதல் 1960 வரையில் ஆடியவர். அவருடைய மகிமையை அறிய, அந்தக் காலத்து மாண்ட்ரீல் நகரத்தையும் அறிய வேண்டும். ஜனங்களில் பெரும்பாலோர் பிரெஞ்சு பேசுவோர். ஆனால் பாங்கிகளிலும் ஆலைகளிலும் பெரிய உத்தியோகங்களிலும் ஆங்கிலம் பேசுவோரே அதிகாரம் செலுத்தினார்கள். சொந்த ஊரிலேயே சொந்த பாஷைக்கு இரண்டாம் ஸ்தானம் என்றால் அது எப்படியிருக்கும் என்று நம் நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஜனங்களிடையே ஓர் இயந்திரத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை தோன்றி, யாருக்கும் தலை வணங்காமல் கோல் மேல் கோல் போட்டபோது, ஒவ்வொரு கோலும் தாங்களே போட்டதாக அவர்கள் எண்ணியதில் வியப்பென்ன?

"1944-45-ஆம் வருஷத்து ஆட்டப் பருவத்தில் 50 ஆட்டங்கள். ரிஷார் போட்ட கோல் 50! அதற்கு முன் எவரும் செய்ததில்லை" என்று பெரியவர் சூப்புக் கரண்டியை உயர்த்திக்கொண்டு சொன்னார்.

"அதே வருஷம் முதலாவதாக வந்தவர் யார், தாத்தா? அதையும் சொல்லுங்கள்" என்றாள் பேத்தி.

பெரியவர் பேசவில்லை. அவளே சொன்னாள். ரிஷாருடைய வரிசையில் நடுவில் ஆடியவர் எல்மர் லாக். இடது பக்கம் ஆடியவர் டோ பிளேக். அந்த வருஷம் லாக்குக்கு 26 கோலும் 54 உதவியுமாக 80 புள்ளி, ரிஷாருக்கு 50 கோலும் 23 உதவியுமாக 73, பிளேக்குக்கு 67. லீக் முழுவதிலும் முதல் மூன்று ஸ்தானங்களும் ஒரே வரிசைக்கு! கோஷ்டிக்கு மிகவும் பயன்பட்ட ஆட்டக்காரர் என்ற ஹார்ட் கோப்பையும் அவ்வருஷம் லாக்குக்கே கிடைத்தது, ரிஷாருக்கு அல்ல.

"அப்படியானால் ரிஷார் பெரியவரா, லாக் பெரியவரா? வட்டைக் கொண்டுவந்து கழி முனையில் வைத்தால் யார் வேண்டுமானாலும் அடிப்பார்கள் என்று சொல்லலாமா?" என்று நாம் கேட்டோம்.

"யார் வேண்டுமானாலுமா!" என்று பெரியவர் சீறினார். "பிளேக் 1948-ல் காலை முறித்துக்கொண்டு விலகினார். லாக் 1954-ல் விலகினார். அதற்குப் பிறகும் 1954-55-ல் ரிஷார் 38 கோல் போட்டாரே, அது யார் கொண்டுவந்து வைத்தது?"

பேத்தி சிரித்தாள். "தாத்தா இப்போது செய்தது என்ன தெரியுமா? நாங்கள் இந்தக் காலத்தில் யந்திரக் கணக்கு வைத்துச் செய்யும் அதே சோதனைதான். தோழரோடு இருந்தபோது எப்படி, தோழர் இல்லாதபோது எப்படி என்று பிரித்துப் பார்ப்பது" என்றாள். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து, உதாரணங்களை வரிசையாக எழுதிக் காட்டினாள். நேயர்களுக்கும் சுவைப்படுமாதலால் அவற்றைத் தருகிறோம்.

பிட்ஸ்பர்க் கோஷ்டியில் ராப் பிரவுன் என்ற வாலிபர் 1988-89-ல் 68 ஆட்டங்களில் 49 கோலும் 115 புள்ளியும் எடுத்தார். ஆனால் அவருக்குத் துணையாக ஆடியவர் மாரியோ லெமியூ. அவ்வருஷம் லெமியூவின் புள்ளி 199. பிரவுன் மறு வருஷம் 80 ஆட்டங்களில் 80 புள்ளிக்கு இறங்கினார். 1990-ல் வேறு கோஷ்டிக்கு மாற்றப்பட்ட பிறகு அந்த உயரத்தின் அருகில்கூட அவர் வரவில்லை.

இதற்கு நேர் எதிரிடை பின்லாந்து தேசத்து யாரி குர்ரி. எட்மண்டன் கோஷ்டியில் வேய்ன் கிரெட்ஸ்கியின் வலது பக்கம் ஆடி 1984-85-ல் 71 கோல் போட்டவர். "கிரெட்ஸ்கி கொடுத்தார், குர்ரி போட்டார்" என்று உலகம் சொல்லிற்று. 1988 ஆகஸ்டில் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சல்ஸ் கோஷ்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். தனியே விடப்பட்ட குர்ரி அடுத்த பருவத்தில் 44 கோலும் 58 உதவியுமாக 102 புள்ளி எடுத்தார்!  எட்மண்டன் கோஷ்டி 1990-ல் கிரெட்ஸ்கி இல்லாமலே ஸ்டான்லி கோப்பையையும் வென்றது.

மூன்றாவது உதாரணம்தான் நம் மனத்தை மிகவும் தொட்டது. வடக்கே ஜேம்ஸ் விரிகுடாவின் அருகில் மூஸ் பாக்டரி என்றொரு தீவூர் உண்டு. கிரீ என்னும் ஆதிக்குடியினர் வாழும் ஊர். அந்த ஊர்ப் பிள்ளை ஜானதன் சீச்சூ, ஸான் ஹோசே கோஷ்டிக்கு ஆடினார். 2005-06 பருவத்தின் ஆரம்பத்தில் அவர் போட்டிருந்தது 7 கோல். நவம்பர் கடைசியில் ஜோ தார்ன்டன் என்ற நடு ஆட்டக்காரர் பாஸ்டனிலிருந்து வந்து சேர்ந்தார். பிறகு பருவம் முடிவதற்குள் சீச்சூ 49 கோல் போட்டார். மொத்தம் 56, லீக்கிலேயே அதிகம். அதிகக் கோல் போட்டவருக்கென்று மோரிஸ் ரிஷாரின் பெயரால் ஏற்பட்ட கோப்பை அவர் கைக்கு வந்தது. அடுத்த வருஷங்களில் 37, 23, 12 என்று இறங்கிற்று. "அது தார்ன்டனுடைய கோப்பை" என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு.

"ஆனால் கவனியுங்கள்," என்றாள் பேத்தி. "தார்ன்டன் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே சீச்சூ 28 கோல் போட்டவர். பின்னால் இறங்கிய வருஷங்களில் தார்ன்டன் அதே கோஷ்டியில்தான் இருந்தார். இடையில் சீச்சூவின் உடம்பில் காயங்கள் ஏற்பட்டன. தோழர் ஒருவரே காரணமென்றால், தோழர் இருக்கும்போதே எப்படி இறங்கும்?"

புள்ளி விவரம் படிக்கும் பெண் புள்ளி விவரத்தின் எல்லையையும் அறிந்திருந்தது நமக்குச் சந்தோஷத்தை அளித்தது. கோல்கள் அபூர்வமாக விழுவதால் அதில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம். ஆகையால் இக்காலத்தவர் கோலை விட்டு, கோலை நோக்கி அடித்த ஒவ்வோர் அடியையும் எண்ணுகிறார்கள். ஓர் ஆட்டத்தில் இரு பக்கமும் சேர்ந்து நூற்றுக்கு மேல் வரும். பபலோ கோஷ்டியில் கோல் காவலர்களுக்குப் பயிற்சி தந்த ஜிம் கார்சியின் பெயரால் இதற்குக் 'கார்சிக் கணக்கு' என்றே பெயர். ஓர் ஆட்டக்காரர் தளத்தில் இருந்த நிமிஷங்களில் நம் அடி எத்தனை, எதிரியின் அடி எத்தனை என்று பார்ப்பது. அதிலும் சிக்கல் தீர்வதில்லை. பயிற்சியாளர் ஒரு வரிசையை எதிரியின் கோல் அருகிலேயே இறக்குகிறார். மற்றொரு வரிசையைத் தம் கோலைக் காக்க இறக்குகிறார். ஒருவருக்கு எதிரில் பலசாலிகள். மற்றொருவருக்கு எதிரில் சோர்ந்தவர்கள். தோழரைப் பிரித்துப் பார்க்கும்போதும், அவருக்குப் பதிலாக வந்தவர் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

"இரண்டு பேர் எப்போதுமே பிரியாமல் ஆடினால் என்ன செய்வாய், குழந்தை?" என்று பெரியவர் மடக்கினார்.

"வான்கூவர் இரட்டையர்களைத்தானே சொல்கிறீர்கள்?" என்றாள் அவள். ஸ்வீடன் தேசத்து ஹென்ரிக் ஸெடின், டானியல் ஸெடின் என்ற இரட்டைச் சகோதரர்கள் வான்கூவர் கோஷ்டியில் சேர்ந்தே ஆடினார்கள். கொடுப்பவர் ஹென்ரிக், போடுபவர் டானியல் என்பது ஜனங்களின் முடிவு. 2009-10-ல் டானியலுக்குக் காயம் ஏற்பட்டு 19 ஆட்டங்கள் ஆடவில்லை. கொடுப்பதற்குத் தம்பி இல்லையே என்று ஹென்ரிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. தாமே கோல் போடத் தொடங்கிவிட்டார். வருஷக் கடைசியில் 112 புள்ளியுடன் ஆர்ட் ராஸ் கோப்பை அவருக்கு. மறு வருஷம் அதே கோப்பை 104 புள்ளியுடன் டானியலுக்கு!

சகோதரர்கள் என்றதும் நம் மனம் கடல் கடந்து சென்றுவிட்டது. 1932-ஆம் வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் நம் இந்தியக் கோஷ்டி அமெரிக்கரை 24-க்கு 1 என்று தோற்கடித்ததை அவர்களுக்குச் சொன்னோம். அதில் தம்பி ரூப்சிங் போட்டது 10. அண்ணன் தியான்சந்த் போட்டது 8. தம்பியின் பத்தில் எத்தனை, அண்ணன் இழுத்த எதிரிகள் விட்டுச்சென்ற இடைவெளியில் விழுந்தவை? நம் ஹாக்கியில் அப்போது உதவிக் கணக்கு இல்லை. கோல் போட்டவர் பெயர் மட்டும் ஏட்டில் நின்றது. இன்னொன்றும் சொன்னோம். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்குக்கு முன் நடந்த பழக்கப் பந்தயத்தில் ஜெர்மானியர் நம்மை 4-க்கு 1 என்று தோற்கடித்தனர். மாயாஜாலக்காரர் என்று உலகம் கொண்டாடிய தியான்சந்த் என்ன செய்தார்? தாரா என்ற ஆட்டக்காரரை இந்தியாவிலிருந்து உடனே அனுப்பும்படி கேட்டார். தாரா ஆகாய விமானத்தில் வந்து சேர்ந்தார். இறுதி ஆட்டத்தில் அதே ஜெர்மானியரை 8-க்கு 1 என்று வென்றோம். மாயாஜாலக்காரருக்கும் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று மாயாஜாலக்காரரே அறிந்திருந்தார். அறியாதவர்கள் பார்க்க வந்தவர்கள்தான்.

இதைக் கேட்டதும் பெரியவருடைய முகம் மாறிற்று. சூப்பைத் தள்ளி வைத்துவிட்டு, "நாளைக்குப் புதுக் கோயிலுக்குப் போகும் வழியில் உங்களிடம் ஒரு பாவத்தைச் சொல்கிறேன்" என்றார்.

மறுநாள் மாலை மூவருமாக ஸேண்ட் காதரின் வீதி வழியே நடந்தோம். பனி பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. பெரியவர் 1955-ஆம் வருஷத்துக் கதையைச் சொன்னார். மார்ச்சு 13-ஆம் தேதி பாஸ்டனில் நடந்த கைகலப்பில் ரிஷார் ஒரு கோட்டு நடுவரை அடித்துவிட்டார். லீக் தலைவர் கிளாரன்ஸ் காம்ப்பெல், ஆங்கிலம் பேசுபவர், ரிஷாரைப் பாக்கியிருந்த ஆட்டங்களுக்கும் இறுதிச் சுற்றுப் பந்தயங்களுக்கும் ஆடக் கூடாதென்று தள்ளி வைத்தார். 17-ஆம் தேதி போரத்துக்கு அவரே வந்து உட்கார்ந்தார். அரங்கத்தில் கண்ணீர்ப் புகைக் குண்டு வெடித்தது. டெட்ராயிட் கோஷ்டிக்கு வெற்றி என்று அறிவித்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். வெளியே வந்த ஜனங்கள் இந்த வீதியிலிருந்த கடைக் கண்ணாடிகளையெல்லாம் நொறுக்கினார்கள். மறுநாள் ரிஷாரே ரேடியோவில் பேசி அமைதி வேண்டினார். விளையாட்டுக் கலவரம் என்று உலகம் சொன்னது, நெடுநாள் அடக்கப்பட்ட ஒரு ஜனசமூகத்தின் குமுறல் என்று இன்று சரித்திரக்காரர் பலர் எழுதுகிறார்கள்.

"அதெல்லாம் எல்லாரும் அறிந்தது," என்றார் பெரியவர். "நான் சொல்ல வந்தது அடுத்தது. தள்ளி வைக்கப்பட்டபோது ரிஷாருக்கு 74 புள்ளி. லீக்கில் முதல் ஸ்தானம். அவர் அதுவரையில் ஒரு முறையும் ஆர்ட் ராஸ் கோப்பை வாங்கியதில்லை. அடுத்தபடியாக இருந்தவர் எங்கள் கோஷ்டியின் பெர்னார்டு ஜெப்ரியோன். அவரும் எங்கள் ஊர்ப் பிள்ளை, எங்கள் பாஷை பேசுபவர், ரிஷாருடைய தோழர். லீக்கில் முதலிடத்துக்கு டெட்ராயிட்டோடு போட்டி இருந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? ஆடினார். 75 புள்ளி ஆயிற்று. ஒரே ஒரு புள்ளி அதிகம். எங்கள் அரங்கத்திலேயே எங்கள் ஜனங்களே அவரைத் தூற்றிக் கூச்சலிட்டார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. நானும் கூச்சலிட்டேன்."

சிறிது தூரம் யாரும் பேசவில்லை. காலடியில் பனி நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"தாத்தா, அந்த ஒரு புள்ளியைப் போய்ப் பெரிதாக..." என்று பேத்தி தொடங்கினாள்.

"கணக்கைச் சொல்லவில்லை, அம்மா. வென்றால் எங்கள் வீரருக்குத் துரோகம். விட்டுக் கொடுத்தால் கோஷ்டிக்குத் துரோகம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதனை நிறுத்திவிட்டு, அவனையே தூற்றினோம். ரிஷார் கடைசி வரையில் அந்தக் கோப்பையை வாங்கவில்லை. எல்மர் லாக் வாங்கினார், 1948-ல். அதையும் நாங்கள் யாரும் கொண்டாடவில்லை."

புதுக் கோயில் வந்து சேர்ந்தது. பெல் சென்டர் என்று பெயர். 21,000 பேருக்கு மேல் உட்காரும் அரங்கம். நம் பணப்பைக்கு எட்டியது கூரையை ஒட்டிய கடைசி வரிசை. அதனால் ஒரு லாபமும் உண்டாயிற்று. கோஷ்டியின் பழைய வீரர்களுடைய நம்பர்களைக் கொடிகளாகச் செய்து கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு நம்பருக்குக் கொடி ஏற்றிவிட்டால் பிறகு அதை வேறெவரும் அணிவதில்லை. அந்தக் கொடிகள் நம் கண்ணுக்கு நேராகவே இருந்தன.

பேத்தி தேதிகளைச் சொன்னாள். ரிஷாருடைய 9-ஆம் நம்பருக்கு அந்தக் கௌரவம் அவர் விலகிய 1960-ஆம் வருஷமே கிடைத்தது. ஜெப்ரியோனுடைய 5-ஆம் நம்பர்க் கொடி ஏறியது 2006 மார்ச்சு 11-ஆம் தேதி. அன்று காலையிலேயே அவர் காலமாகிவிட்டார். மாலையில் கொடி ஏறிற்று. அவர் ஒருவரே 1960-61-ல் ரிஷாருக்குப் பின் 50 கோல் எட்டிய இரண்டாவது மனிதர் என்பதையும் நேயர்கள் அறிய வேண்டும். எல்மர் லாக்குடைய 16-ஆம் நம்பருக்குக் கௌரவம் கிடைத்தது 2009-ல். அவர் ஆட்டத்தை விட்டு 55 வருஷம் கழித்து. நல்லவேளை, அதைப் பார்க்க அவர் உயிரோடிருந்தார்; 2015-ல், 97-ஆவது வயதில் காலமானார்.

கோல் போட்டவருக்கு உடனே. கொடுத்தவருக்கு 55 வருஷம் பொறுத்து. இந்தக் கணக்கை எந்தப் புள்ளி விவரப் புஸ்தகத்திலும் நாம் பார்த்ததில்லை.

ஆட்டம் தொடங்கிற்று. வரிசைகள் உள்ளே குதித்தன, வெளியேறின. நமக்கு வட்டு எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. திடீரென்று 21,000 பேரும் எழுந்து கர்ஜித்தார்கள், கோல்! ஒலிபெருக்கியில் கோல் போட்டவர் பெயரைச் சொன்னார்கள். சபை ஆர்ப்பரித்தது. பிறகு உதவியவர்கள் இருவருடைய பெயர்களையும் சொன்னார்கள். அதற்குள் பெரும்பாலோர் உட்கார்ந்து கையிலிருந்த தின்பண்டத்தைக் கவனிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பெரியவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். இரண்டாவது பெயரும் சொல்லி முடியும் வரையில் நின்று, அந்த இரண்டு பெயர்களுக்கும் கை தட்டினார். நாமும் எழுந்து நின்று கை தட்டினோம்.